தெருவை அளக்கும் கேமரா

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் களமிறக்கிய யமாட்டோ போர்க்கப்பலின் கோபுர உச்சியில் குறுக்குவாட்டில் ஒரு ராட்சதக் குழாய் இருந்தது. நீளம் 15 மீட்டர். அதன் இரண்டு முனைகளிலும் கடலைப் பார்த்த கண்ணாடிகள். இடது முனையிலிருந்து தெரியும் எதிரிக் கப்பலும், வலது முனையிலிருந்து தெரியும் அதே கப்பலும் துளியளவு வேறுபட்ட திசைகளில் இருக்கும். அந்த வேறுபாட்டை அளந்தால் கப்பல் எவ்வளவு தொலைவில் மிதக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ரேடார் முதிர்வதற்கு முன்னால் கடற்படைகள் இந்த வடிவியலை நம்பித்தான் பீரங்கிகளைச் சுட்டன.

அதே கருவி ஏழு சென்டிமீட்டருக்குள் சுருங்கி, இன்று ஊர் ஊராக நடந்து தெருக்களைப் படமெடுப்பவர்களின் கையில் இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பார்கள். டிஜிட்டல் காலத்தில் இதைச் செய்பவர்கள் மிகச் சிலர். 2004-இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம் ஆர்-டி1 என்ற முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரை விற்றது. 2006 முதல் ஜெர்மனியின் லைக்கா எம் வரிசை தொடர்ந்து வருகிறது. பிரான்ஸின் பெசான்சோன் நகரிலிருந்து பிக்சி என்றொரு கேமரா வருகிறது. இவற்றில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஜூம் கிடையாது. வ்யூஃபைண்டரில் கண் வைத்தால் லென்ஸ் பார்ப்பது தெரியாது. பக்கத்துச் சன்னல் பார்ப்பதுதான் தெரியும். வீடியோ, பெரும்பாலான மாடல்களில் இல்லை. லைக்காவில் லென்ஸ் இல்லாத வெறும் உடலுக்கே பல லட்சம் ரூபாய்.

இத்தனை 'கிடையாது'களுக்குப் பிறகும் பயணத்தில் இதைத் தவிர வேறு எதையும் எடுத்துப் போகமாட்டேன் என்பவர்கள் உண்டு. வெறும் பிராண்டு மோகம் என்று அவர்களைக் கேலி செய்யலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. லைக்கா முத்திரையான சிவப்புப் பொட்டுக்குக் கொடுக்கும் காசு தனிக் கணக்கு. ஆனால் மோகத்தைக் கழித்த பிறகும் மிச்சமாக ஒன்று நிற்கிறது. அது ஒளியியல். இந்தக் கருவி எந்தத் தூரத்தில் நன்றாக அளக்குமோ, அந்தத் தூரத்தில்தான் தெரு நடக்கிறது.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறித் தாவும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். தள்ளிப் போனால் சிறிதாகும். பள்ளியில் 'இடமாறு தோற்றப் பிழை' என்று படித்தோமே, அதுதான். அளவுகோலைச் சாய்வாகப் பார்க்கும் மாணவனுக்கு அது பிழை. ரேஞ்ச்ஃபைண்டருக்கோ அதுதான் அளவுகோல்.

1888-இல் பிரிட்டிஷ் போர்த்துறை தரைப்படைக்கு ஒரு தூரமானி வேண்டும் என்று விளம்பரம் செய்தபோது, லீட்ஸ் நகரில் பேராசிரியர்களாக இருந்த அர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற இருவர் இந்தத் தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்தார்கள். தரைப்படை அதை எடுத்துக்கொள்ளவில்லை, கடற்படை எடுத்துக்கொண்டது. 1916-இல் கோடாக் ஒரு மடக்குக் கேமராவின் லென்ஸோடு தூரமானியை இணைத்தது. 1932-இல் லைக்காவும் கான்டாக்ஸும் அதைச் சிறு ஃபிலிம் கேமராக்களுக்குள் நுழைத்தன. இன்றைய டிஜிட்டல் எம் கேமராவில் இரண்டு சன்னல்களுக்கும் நடுவே உள்ள தூரம் 69.31 மில்லிமீட்டர். மனிதரின் இரண்டு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நம் கண்களின் இடைவெளியிலேயே கேமராவும் பார்க்கிறது.

பெரிய சன்னல் வழியே காட்சி நேராகக் கண்ணுக்கு வரும். சிறிய சன்னல் வழியே வரும் காட்சி ஒரு முப்பட்டகத்தில் திரும்பி, பாதி ஒளியை விட்டுப் பாதியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியில் பட்டு, வ்யூஃபைண்டரின் நடுவே சிறிய வெளிச்சச் சதுரமாக விழும். அந்தச் சதுரத்துக்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும்: ஒருவருக்கு இரண்டு மூக்கு, கம்பத்துக்குப் பக்கத்தில் அதன் பேய். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸின் பின்புற விளிம்பு உள்ளே ஓர் உருளையைத் தள்ளும். உருளை ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் இரண்டாவது காட்சியை நகர்த்தும். பேய் கம்பத்தோடு சேர்ந்த இடத்தில் ஃபோகஸ். மின்சாரம், மோட்டார், மென்பொருள் எதுவும் இந்தச் சங்கிலியில் இல்லை. சென்சார் மட்டும்தான் டிஜிட்டல். ஃபோகஸ் இன்னும் 1932-இல்தான் இருக்கிறது.

இந்த நெம்புகோல் எவ்வளவு நுட்பமாக அசைய வேண்டும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரை இரு சன்னல்களும் பார்க்கும் கோணத்தின் வேறுபாடு ஏறத்தாழ 4 டிகிரி. 5 மீட்டரில் அது 0.8 டிகிரிக்கும் கீழே போய்விடும். 5 மீட்டரில் நிற்பவருக்கும் 6 மீட்டரில் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் 0.13 டிகிரி. இதைக் கண் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்குக் குறைந்தது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்காவது வேண்டும். ஆனால் ஒரு கோடு நடுவில் முறிந்து துளி விலகியிருக்கிறதா என்று பார்ப்பதில் அதே கண் பல மடங்கு கூர்மையானது. வெர்னியர் அளவி வேலை செய்வது இந்தத் திறமையால்தான். எம் கேமராவின் வெளிச்சச் சதுரத்துக்குக் கூர்மையான விளிம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான்: கதவுச் சட்டத்தின் கோடு சதுரத்தின் உள்ளேயும் வெளியேயும் முறியாமல் ஓடினால் ஃபோகஸ் சரி.

இதில் ஒரு பலவீனமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சன்னல்கள் இடவலமாக இருப்பதால் செங்குத்துக் கோடுகள்தான் விலகித் தெரியும். கிடைக் கோடுகள் தம்மீதே வழுக்கிக்கொண்டு போகும்; சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. கேமராவை ஒரு முறை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சன்னல் கம்பிகள் போல ஒரே மாதிரி வரிசையாக வருபவை இன்னும் மோசம். ஒரு கம்பி அடுத்த கம்பியோடு பொருந்திச் 'சரி' என்று பொய் சொல்லும்.

இனி முக்கியமான கணக்கு. தூரத்தை அளப்பதில் வரும் பிழை, தூரத்தின் வர்க்கமாக வளர்கிறது. தூரம் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்கு. வ்யூஃபைண்டர் உலகத்தை 0.73 மடங்காகச் சிறிதாக்கிக் காட்டுவதால் நடைமுறையில் 69 மில்லிமீட்டர் அடித்தளம் 50-ஆகக் குறைந்துவிடுகிறது. கண்ணின் பிழை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்றே கண்டிப்பாக வைத்துக்கொண்டால், 1.5 மீட்டரில் பிழை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 3 மீட்டரில் 5 சென்டிமீட்டர். 10 மீட்டரில் அரை மீட்டருக்கும் மேல். யமாட்டோவுக்கு 15 மீட்டர் குழாய் எதற்கு என்பதும், கேமராவுக்கு 7 சென்டிமீட்டர் ஏன் போதும் என்பதும் இந்த ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடும். தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் 135 மில்லிமீட்டர் லென்ஸைத் துளை அகலத் திறந்து வைத்தால் 10 மீட்டரில் அந்த அரை மீட்டர் பிழை படத்தைக் கெடுத்துவிடும். லைக்கா ஒரு காலத்தில் தன் 135 மில்லிமீட்டர் எஃப்/2.8 லென்ஸுக்கு வ்யூஃபைண்டரை ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் கண்ணாடிகளை முன்னால் மாட்டி விற்றது. மூக்குக்கண்ணாடி போட்ட கேமரா! பார்க்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். பறவை, கிரிக்கெட், மேடைக் கச்சேரி என்று தொலைவிலிருப்பதைப் படமெடுப்பவர்கள் இந்த வகைக் கேமராவைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

ஆனால் 28, 35, 50 மில்லிமீட்டர் லென்ஸ்களில் நிலைமை வேறு. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் வெளியிட்ட நூலில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளிகளை வகைப்படுத்தினார். சுமார் 45 சென்டிமீட்டர் வரை மிக நெருங்கியவர்களுக்கு, 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு, அங்கிருந்து 3.6 மீட்டர் வரை கடைக்காரர், வழிப்போக்கர், அலுவலகத்தார் எனப் பொதுவில் புழங்குபவர்களுக்கு. அதற்கு மேல் மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையேயான தூரம். அவர் அளந்தது அமெரிக்கர்களை. ஊருக்கு ஊர் இது மாறும் என்பதை அவரே வலியுறுத்தினார். கூட்ட நேரப் பேருந்தில் இந்த வட்டங்கள் எல்லாம் கலைந்துபோகும் என்பது நமக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மூன்றாவது வட்டத்தைக் கவனியுங்கள். தெருப் படங்களில் நம்மை நிறுத்தும் பலவும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகின்றன. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு 3 மீட்டரில் நின்றால் சட்டத்துக்குள் 3.1 மீட்டர் அகலமும் 2 மீட்டருக்குச் சற்று அதிக உயரமும் விழும். ஓர் ஆள், தலை முதல் கால் வரை, இருபுறமும் கொஞ்சம் தெருவோடு. ரேஞ்ச்ஃபைண்டரின் பிழை 5 சென்டிமீட்டராக இருப்பதும் அங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. தெருப் புகைப்படக்கலையின் புகழ்பெற்ற தொடக்க காலப் படங்கள் பலவும் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமலேயே எடுக்கப்பட்டவை. 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் தூரத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து லென்ஸில் வைக்க வேண்டும். வேண்டுமானால் தனியாக ஒரு தூரமானியைக் கேமராவின் தலையில் செருகிக்கொள்ளலாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1930களின் தொடக்கத்தில் லைக்காவைக் கையில் எடுத்த காலம் அது. பின்னாளில் தூரமானி உள்ளேயே வந்தபோதும் அதற்கு ஒரு துவாரம், சட்டம் பார்க்க இன்னொரு துவாரம். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தபோதும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தபோதும் இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்த லைக்கா எம்3 பிறந்திருக்கவில்லை. அது 1954-இல்தான் வந்தது. கண் ஒரு துவாரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தில் தெரு நகர்ந்துவிடும் என்பதால் அந்தத் தலைமுறைக்காரர்கள் வேறொரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள்: கேமராவைத் தூக்குவதற்கு முன்பே ஃபோகஸை வைத்துவிடுவது. இன்று 'ஜோன் ஃபோகஸ்' என்பது அதைத்தான்.

35 மில்லிமீட்டர் லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்தினால், பழைய ஃபிலிம் கணக்குப்படி 1.9 மீட்டரிலிருந்து 7.2 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். 'டெப்த்' என்று புகைப்படக்காரர்கள் சுருக்கமாகச் சொல்வது இந்தப் பட்டையைத்தான். லென்ஸின் கழுத்திலேயே இந்தப் பட்டையின் அளவுகளைப் பொறித்திருப்பார்கள். வளையத்தில் விரலுக்கு ஒரு குமிழ் இருக்கும். அது கீழே நேராகத் தொங்கினால் இத்தனை மீட்டர், வலப்பக்கம் போனால் இத்தனை என்று சில நாட்களில் விரலுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

பட்டையை நேரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் புரியும். சாதாரணமாக நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.3 மீட்டர். நீங்களும் அவரும் எதிரெதிராக நடந்தால் இடைவெளி நொடிக்கு 2.6 மீட்டர் குறையும். 7.2-லிருந்து 1.9 மீட்டர் வரை வருவதற்கு இரண்டு நொடிகள். அந்த இரண்டு நொடியில் எப்போது அழுத்தினாலும் படம் தெளிவு. கேமரா தேடாது, தடுமாறாது, பின்னால் இருக்கும் விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்காது. இன்றைய ஆட்டோஃபோகஸ் கண்ணைத் தேடிப் பிடிப்பதில் மிகத் திறமையானதுதான். ஆனால் எந்தக் கண்ணை என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். நெரிசலான சந்தையில் முப்பது கண்கள் இருக்கும்.

வ்யூஃபைண்டரின் இன்னொரு வசதி, சட்டத்துக்கு வெளியேயும் தெரிவது. படத்தின் எல்லை அங்கே வெண்கோடுகளாக மிதக்கும். கோட்டுக்கு அப்பாலும் தெரு தொடரும். சைக்கிள்காரர் சட்டத்துக்குள் நுழைவதற்கு அரை நொடி முன்பே அவர் வருவது தெரியும். எஸ்எல்ஆர் கேமராவில் படம் விழும் தருணத்தில் உள்ளேயிருக்கும் கண்ணாடி எழும்பிக் காட்சியை மறைத்துவிடும். அதாவது எடுத்த படத்தை எடுத்த கணத்தில் எடுத்தவர் பார்ப்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த வெண்கோடுகளை முழுக்க நம்பவும் கூடாது. அருகில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் முன்னால் நகரும்போது அது பார்க்கும் கோணம் குறுகும்; கோடுகளின் அளவோ மாறாது. ஆகவே ஏதோ ஒரு தூரத்துக்குத்தான் கோடு சரியாக இருக்க முடியும். முதல் டிஜிட்டல் எம் ஆன லைக்கா எம்8-இல் 0.7 மீட்டருக்குச் சரியாக வைத்தார்கள். தெருத் தூரத்தில் கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் படத்தில் வந்து உட்கார்ந்தது. எம்8.2-இல் அதை 2 மீட்டருக்கு மாற்றினார்கள்.

இந்தக் கேமராவை டிஜிட்டலாக்கும்போதுதான் இயற்பியல் முரண்டு பிடித்தது. எஸ்எல்ஆரில் கண்ணாடி எழும்ப இடம் வேண்டும் என்பதால் லென்ஸைப் பொருத்தும் வளையம் ஃபிலிமிலிருந்து 4 சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி இல்லை. எம் கேமராவில் அந்த இடைவெளி 27.8 மில்லிமீட்டர். அகல லென்ஸின் பின்முனை ஃபிலிமை முட்டாத குறையாக நெருங்கி நிற்கும். லென்ஸ்கள் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்கு விலை, படத்தின் மூலைகளுக்கு ஒளி மிகச் சாய்வாக வந்து விழுவது. ஃபிலிம் இதைக் கண்டுகொள்ளவில்லை. சென்சாரின் பிக்சலோ கிணறு போன்றது: வெயில் உச்சிக்கு வந்தால்தான் அடித்தண்ணீரில் விழும். சாய்ந்து வந்த ஒளி பக்கச் சுவரில் அடித்துக்கொண்டு போயிற்று. மூலைகள் இருண்டன, நிறம் திரிந்தது.

எப்சன் இதற்குச் செய்தது, மூலைகளையே விட்டுவிடுவது. சிறிய 6 மெகாபிக்சல் சென்சாரை வைத்துப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் காலம் போலவே கைநெம்பை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டிய கேமரா அது; எனக்குப் பிடித்த கிறுக்குத்தனம். லைக்கா எம்8-இல் 10 மெகாபிக்சல் கோடாக் சென்சார். ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நுண்லென்ஸ் இருக்கும் அல்லவா, ஓரங்களுக்குப் போகப் போக அதை மையத்தை நோக்கிச் சற்றே தள்ளி வைத்தார்கள். சாய்ந்து வரும் ஒளியை அது வளைத்துக் கிணற்றுக்குள் இறக்கும்.

இன்னொரு சிக்கல் சென்சாரின் மேல் ஒட்டும் கண்ணாடி. அகச்சிவப்புக் கதிர்களை வடிகட்டுவது அதன் வேலை. தடிமனாக இருந்தால் நன்றாக வடிகட்டும். ஆனால் தடித்த கண்ணாடி சாய்வான கதிர்களை வளைத்து மூலைகளைக் கலங்கடிக்கும். எம்8-இல் அதை அரை மில்லிமீட்டராக மெலியவைத்தார்கள். மூலைகள் தெளிந்தன, அகச்சிவப்பு உள்ளே கசிந்தது. செயற்கை இழைத் துணியின் கருப்புச் சாயம் நம் கண்ணுக்குக் கருப்பு. அகச்சிவப்பில் அது பளிச்சென்று பிரதிபலிக்கும். கருப்பு கோட்டுகள் படத்தில் கத்தரிப்பூ நிறமாயின. நிறுவனம் எம்8 வாங்கியவர்களுக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் வடிகட்டி இரண்டை இலவசமாக அனுப்பியது. அந்த வடிகட்டியோ சாய்வாக வரும் ஒளியிடம் வேறு மாதிரி நடந்துகொண்டு, அகல லென்ஸ்களில் மூலைகளை நீலப்பச்சையாக்கியது. அதைத் திருத்த மென்பொருள் வேண்டும். மென்பொருளுக்கு எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும். லென்ஸில் மின் இணைப்பே கிடையாது. கைகொடுத்தது, லென்ஸின் பின்வளையத்தில் ஏற்கெனவே கருப்பும் வெள்ளையுமாகப் பதிக்கத் தொடங்கியிருந்த ஆறு புள்ளிகள்; கேமரா அவற்றை ஒளியால் படிக்கும். ஆறு புள்ளிக்கு 64 சேர்க்கைகள். கால் நூற்றாண்டு பழைய லென்ஸைக்கூட அனுப்பிப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியை அரை மில்லிமீட்டர் ஆக்கியதன் பின்விளைவைத் தீர்க்க லென்ஸின் முதுகிலிருந்த புள்ளி வரை போக வேண்டியிருந்த இந்தக் கதையை நான் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகவே வைப்பேன்.

2009-இல் வந்த எம்9, ஃபிலிம் அளவுக்கே முழுச் சென்சாரைக் கொண்டிருந்தது. வடிகட்டித் தொல்லை தீர வேறு வகைக் கண்ணாடியைப் போட்டார்கள். அது சில ஆண்டுகளில் ஈரப்பதத்தில் அரிக்கத் தொடங்கி, படங்களில் புள்ளிகளாகத் தெரிந்தது. சென்சார்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. பழைய எம்9 குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள், குறிப்பாகக் கடலோர ஊர்க்காரர்கள், சென்சார் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. 2022-இல் வந்த எம்11-இல் 60 மெகாபிக்சல் சென்சார். இதில் ஒளி உணரும் பகுதி மின்கம்பி அடுக்குகளுக்கு மேலே வந்துவிட்டதால் கிணற்றின் ஆழமே குறைந்துவிட்டது. பதினாறு ஆண்டுச் சண்டை பெருமளவு ஓய்ந்தது என்று சொல்லலாம்.

ஓய்ந்தது ஒன்று, கிளம்பியது இன்னொன்று. ஃபிலிமுக்குத் தடிமன் உண்டு, சற்று வளையவும் செய்யும். ஃபோகஸில் இருந்த சின்னப் பிழைகளை அது விழுங்கிவிடும். சென்சார் தட்டை. தூரமானியின் உருளை ஒரு முறை கேமரா கீழே விழுந்ததில் மயிரிழை நகர்ந்திருந்தாலும் கணினித் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸின் கழுத்தில் பொறித்த டெப்த் அளவுகளையும் இப்போது அப்படியே நம்ப முடியாது. அந்த அளவுகள், ஃபிலிமில் 0.03 மில்லிமீட்டர் வரை மங்கினாலும் அது புள்ளிதான் என்று ஒப்புக்கொண்ட காலத்தவை. கைக்கடக்கமான பிரிண்டுக்கு அது போதும். 60 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.00376 மில்லிமீட்டர், அந்த மங்கலில் எட்டு பிக்சல்கள் வரிசையாக உட்காரும். மங்கலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால், அதே எஃப்/8-இல், அதே 3 மீட்டரில், பட்டை 2.3-லிருந்து 4.2 மீட்டர் வரைதான். எதிரெதிரே நடக்கும் இருவருக்கு முக்கால் நொடிக்கும் குறைவு. அசைவும் அப்படித்தான்: 3 மீட்டரில் குறுக்கே நடப்பவர் 1/250 நொடியில் சென்சாரில் 16 பிக்சல் நகர்ந்துவிடுவார். ஃபிலிம் காலத்துக்காரர் 1/250 போதும் என்பார். இன்று 1/500-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது, முடிந்தால் 1/1000.

அப்படியானால் டிஜிட்டல் இந்தக் கேமராவுக்குக் கெடுதல்தான் செய்ததா? இல்லை. அது கொடுத்த பெரிய வரம் பின்பக்கத் திரை அல்ல, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ.

அமெரிக்கப் புகைப்படக்காரர் அலெக்ஸ் வெப்பை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ, ஹைதி, இஸ்தான்புல் என்று வெயில் வெளுக்கும் தெருக்களில் பல ஆண்டுகள் லைக்காவோடு திரிந்தவர். அவர் படங்களில் முன்னால் ஒரு முகம், நடுவில் ஒருவர் தாண்டுவது, பின்னால் ஒரு சன்னலில் இன்னொருவர் என்று மூன்று நான்கு அடுக்குகள் இருக்கும். அடுக்குகள் எல்லாம் புரிய டெப்த் வேண்டும், டெப்த்துக்குச் சிறிய துளை வேண்டும். அவர் வெகுகாலம் பயன்படுத்திய கொடாக்ரோம் ஃபிலிமின் வேகம் குறைவு. ஐஎஸ்ஓ 64 ஃபிலிமில் எஃப்/8, 1/250 நொடி வேண்டும் என்றால் நடுப்பகல் வெயிலே வேண்டும். நிழலுக்குள் போனாலே துளையைத் திறக்க வேண்டும், பட்டை சுருங்கும். அந்தப் படங்களின் கருநிழலும் சுடும் நிறமும் வெப்பின் கண்ணால் வந்தவை மட்டுமல்ல. ஃபிலிமின் வேகமும் அவரை வெயிலில் நிற்கவைத்தது. 2009-இல் கொடாக்ரோம் உற்பத்தியைக் கோடாக் நிறுத்தியது. அவரும் டிஜிட்டல் லைக்காவுக்கு மாறினார்.

ஐஎஸ்ஓ 64-க்கும் 3200-க்கும் நடுவே ஐம்பது மடங்கு. நடுப்பகலில் மட்டும் கிடைத்த எஃப்/8 இப்போது மேகமூட்டத்திலும், மரநிழலிலும், கூரை போட்ட சந்தையின் ஓரங்களிலும் கிடைக்கும். எம்8, எம்9 காலத்தில் 640, 800-ஐத் தாண்டினால் படத்தில் புள்ளிகள் பொரியும். எம்10 முதல் 6400 கூடப் பயமில்லாமல் போடலாம். நிறம் வேண்டாம் என்பவர்களுக்கு 2012-இல் மோனோக்ரோம் என்ற மாடலை லைக்கா வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பிக்சல் மீதும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி இல்லை. வந்த ஒளியெல்லாம் உள்ளே போகும். எம்9-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 160 என்றால் இதற்கு 320. வடிகட்டி எடுத்துக்கொண்ட ஒளி எவ்வளவு என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி. கருப்புவெள்ளை மட்டும் எடுக்கும் கேமராவுக்கு இவ்வளவு விலையா என்று சிரித்தவர்களில் பலர் இரவுத் தெருப் படங்களைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

பின்பக்கத் திரை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. படம் எடுத்ததும் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கும் அந்த இரண்டு நொடியில் தெருவில் அடுத்தது நடந்துவிடும். திரையே இல்லாத மாடல்களை லைக்காவும் பிக்சியும் விற்பதைப் பணக்காரக் கிறுக்கு என்று எழுதியவர்கள் உண்டு. திரையை அணைத்து வைத்துக்கொண்டால் அதே பலன் இலவசமாகக் கிடைக்குமே என்பது நியாயமான வாதம்தான். நான் அந்தக் கட்சி.

உங்களிடம் இந்தக் கேமரா இல்லை என்றால், வாங்கவும் எண்ணமில்லை என்றால், கவலை வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் ஃபோனின் முதன்மை லென்ஸுக்குக் குவியத் தூரம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். குவியத் தூரம் குறையக் குறைய டெப்த் பெருகும். அதனால் ஃபோன் எஃப்/1.8-இல் இருந்துகொண்டே ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருப்பதையெல்லாம் ஏறக்குறையத் தெளிவாகப் பிடிக்கிறது. பழைய லைக்காக்காரர்கள் விரலால் கற்றுக்கொண்டதை அது அளவால் செய்துவிடுகிறது. கையால் ஃபோகஸ் செய்யக்கூடிய எந்தப் பழைய டிஜிட்டல் கேமராவிலும் 28 அல்லது 35 மில்லிமீட்டர் அளவில் லென்ஸை நிறுத்தி, எஃப்/8, 1/500 நொடி, ஐஎஸ்ஓ ஆட்டோ, ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்துவிட்டு வெளியே இறங்கலாம். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் டேப் பிடித்து 2 மீட்டரும் 3 மீட்டரும் 4 மீட்டரும் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: 3 மீட்டரில் நிற்பவருக்கு உங்கள் கேமரா நன்றாகத் தெரியும். அவர் வேண்டாம் என்று கையசைத்தால் அந்தப் படத்தை அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பின்பக்கத் திரையை அதற்காக மட்டும் போட்டுக்கொள்ளலாம்.